மார்ச்சில் அழுது ஏப்ரலில் கிளம்பும் பாடல்கள்: ஜப்பானிய வசந்தப் பாட்டு இழை

கசாய்க்காரி
மார்ச் 9, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு டோக்கியோவில் வேலை கிடைத்திருக்கிறது. மார்ச் 28 காலை நரிதாவில் இறங்குகிறான், ஏப்ரல் 1 அன்று சேர வேண்டும். நான் டோக்கியோவின் நிஷிகசாயில் பத்து வருடமாக இருக்கிறேன். விமான நிலையத்திலிருந்து வீடு வந்து சேர எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க அவன் காதில் ஓட ஒரு பாட்டு வரிசை போட்டுத் தர ஆசை. ஜப்பானிய மொழி ஓரளவு படித்திருக்கிறான், ஆனால் அனிமே பாட்டைத் தாண்டி எதுவும் கேட்டதில்லை. ராக், பாப் எதுவானாலும் சரி, வசந்தமும் புதுத்தொடக்கமும் அதில் இருக்க வேண்டும். பாட்டின் பெயரோடு, ஏன் பிடிக்கும் என்பதையும் எழுதுங்கள்.

முதல் பாட்டை நானே வைக்கிறேன், தேதி அப்படி அமைந்துவிட்டது. ரெமியோரோமென் என்ற மூவர் ராக் குழுவின் ‘சங்கட்சு கோகோனோகா’. ‘மார்ச் 9’ என்று பொருள், அவ்வளவுதான். 2004இல் அதே மார்ச் 9 அன்று வெளியானது. மூவரும் யமனாஷி மாகாணத்துப் பையன்கள். நண்பர் ஒருவருக்கு அந்தத் தேதியில் கல்யாணம் என்று எழுதிய வாழ்த்துப் பாட்டு. மூன்றையும் ஒன்பதையும் ஜப்பானிய மொழியில் ‘சன்’, ‘க்யூ’ என்று சேர்த்துச் சொன்னால் ‘தேங்க்யூ’ மாதிரி ஒலிக்கும், அதனால் இந்த நாளை நன்றி சொல்லும் நாளாக வைத்து விளையாடுவார்கள். வீடியோவிலும் கல்யாணம்தான், மணப்பெண்ணின் தங்கையாக ஹொரிகிதா மாகி நடித்திருப்பார். 2005இல் ‘ஒரு லிட்டர் கண்ணீர்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து இதைப் பாடினார்கள். அப்புறம் இது கல்யாணப் பாட்டாக நிற்கவில்லை. பள்ளியை விட்டுப் போகும் பிள்ளைகளின் பாட்டாகிவிட்டது.

போன வாரம் காய்கறி வாங்கிக்கொண்டு வரும் வழியில் பக்கத்து நடுநிலைப் பள்ளியில் ஒத்திகை நடந்தது. உடற்பயிற்சிக் கூடத்தின் பக்கக் கதவை ஒரு சாண் அளவுக்குத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே பியானோ இரண்டு முறை ஆரம்பித்து நின்றது. மூன்றாவது முறை பிள்ளைகள் பாடத் தொடங்கியபோது பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு பாட்டு முடியும் வரை அங்கேயே நின்றேன்.


கிடார்மணி
மார்ச் 9, இரவு 10:40

அக்கா, ஸ்பிட்ஸ் குழுவின் ‘செர்ரி’ இல்லாமல் இந்த வரிசை நிறையாது. 1996 ஏப்ரல் 10. நான் கிடாரில் முழுசாக வாசித்த முதல் ஜப்பானியப் பாட்டு இதுதான். கோயம்புத்தூரில் மாடியறையில் உட்கார்ந்து யூடியூப்பை நிறுத்தி நிறுத்திக் கற்றுக்கொண்டேன்.

அதன் கட்டுமானத்தைக் கொஞ்சம் பாருங்கள். ஆரம்ப வரிகளுக்குக் கார்டுகள் சி, ஜி, ஏ மைனர், இ மைனர், எஃப், சி, எஃப், ஜி. பாகெல்பெல்லின் ‘கேனன்’ நடக்கும் அதே படிக்கட்டு. வீட்டுக்குப் போகும் வழி மாதிரி, அடுத்த அடி எங்கே விழும் என்று கால் தானே அறியும். பல்லவி வந்ததும் ஏ மைனரில் தொடங்குகிறது. ‘நான் உன்னை நேசிக்கிறேன்’ என்ற சொல்லின் ஓசை ஒன்றே போதும், பலசாலி ஆகிவிடலாம் என்று தோன்றியது என்று பாடும் இடம் அது. அத்தனை சந்தோஷமான சொல்லைச் சோகச் சாயல் உள்ள மைனரில் வைத்திருக்கிறார், குழுவில் எழுதிப் பாடும் குசானோ மசாமுனே. வாயில் சிரிப்பும் தொண்டையில் அடைப்புமாக அந்த இடத்தைப் பாட வேண்டியிருக்கிறது.

பாட்டு முழுக்கத் தேடினாலும் ‘செர்ரி’ என்ற சொல் வராது. வசந்தக் காற்றில் பறக்கும் இதழ்கள் ஒரே ஒரு வரியில் வந்து போகும், அவ்வளவுதான்.

முடிந்தால் அதற்கு முந்தைய வருடம் வந்த ‘ராபின்சன்’ பாட்டையும் சேருங்கள். 1995 ஏப்ரல் 5. புதுப் பருவம் ஏனோ நெஞ்சைப் பிசையும் நாட்களாக இருக்கிறது என்று தொடங்கி, ஆற்றங்கரைப் பாதையில் சைக்கிளில் போகிறவளைப் பின்னால் துரத்திப் போவதாக வரும். பாட்டுக்கும் பெயருக்கும் சம்பந்தமே கிடையாது. குசானோ தாய்லாந்து போனபோது பார்த்த பெரிய கடை ஒன்றின் பெயர் அது.


வடபழனி வாக்மேன்
மார்ச் 10, காலை 7:55

மேலே சொன்ன மூன்றும் நல்ல பாட்டுகள். ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘சகுரா’ (செர்ரிப்பூ) பாட்டுகளை வரிசையில் ஏற்றாதீர்கள். ஃபுகுயாமா மசஹாருவின் ‘சகுராசகா’ 2000இல் இருபது லட்சத்துக்கு மேல் விற்றது. அதற்குப் பிறகு மோரியாமா நாவோதாரோ, கவாகுச்சி க்யோகோ, கெட்சுமெய்ஷி, கொபுகுரோ, இகிமோனோ ககாரி என்று வரிசையாக எல்லோரும் ‘சகுரா’ என்றே பெயர் வைத்துப் பாடினார்கள். ஐந்தாறு வருடம் ஒவ்வொரு மார்ச் மாதமும் இதே கதை. இதழ் விழும், ஒரு தெரு வரும், பழைய நண்பன் நினைவுக்கு வருவான். பூவைச் சொன்னால் அழுகை தானே வரும் என்று தெரிந்து எழுதியது போல எனக்குப் படுகிறது. தம்பி முதல் நாளே தேன் குடித்துத் திகட்டிப் போவான்.


கசாய்க்காரி
மார்ச் 10, இரவு 8:30

வாக்மேன், நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் நினைத்தேன். இங்கே சில வசந்தங்கள் பார்த்தபின் எண்ணம் மாறியது. ஏன் என்று சொல்கிறேன்.

இங்கே கல்வி ஆண்டு, நிதி ஆண்டு எல்லாமே ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. 1886இல் அரசின் நிதி ஆண்டை ஏப்ரலுக்கு மாற்றினார்கள், பள்ளிகளும் கல்லூரிகளும் ஒவ்வொன்றாக அந்த வழிக்கு வந்தன. அதனால் பள்ளி முடிவது, வேலையில் சேருவது, அலுவலக இடமாற்றம், வீடு மாறுவது என்று ஒரு நாடே இரண்டு மூன்று வாரத்துக்குள் இடம் பெயர்கிறது. இந்தப் பருவத்தில் மூட்டை தூக்கும் லாரிக்காரர்கள் கிடைப்பதே கஷ்டம். டோக்கியோவில் அதே வாரங்களில்தான் பூவும் பூக்கிறது. எங்கும் நட்டிருக்கும் சோமெய் யோஷினோ வகைச் செர்ரி மரங்கள் ஒட்டுக்கட்டி வளர்த்தவை, மரபளவில் எல்லாம் ஒரே மரம். அதனால் ஓர் ஊரில் எல்லாம் சேர்ந்து பூத்து, சேர்ந்து கொட்டும். யாசுகுனி கோயிலில் உள்ள மாதிரி மரத்தில் ஐந்தாறு பூ விரிந்ததும் வானிலை நிலையம் ‘டோக்கியோவில் பூத்துவிட்டது’ என்று அறிவிக்கும். அதிலிருந்து இரண்டு வாரம் போனால் தரையில்தான் பூ இருக்கும்.

ஆக, பூவைக் கவிஞர்கள் தேடிப்போய் எடுக்கவில்லை. பெட்டி கட்டும் வாரத்தில் ஜன்னலுக்கு வெளியே அதுதான் நிற்கிறது.

இகிமோனோ ககாரியின் ‘சகுரா’ 2006 மார்ச் 15 அன்று வந்தது, பெரிய நிறுவனத்தில் அவர்களுடைய முதல் பாட்டு. மிசுனோ யோஷிகி எழுதினார். அதில் ஒதாக்யூ ரயிலின் ஜன்னலில் இந்த வருடமும் பூ நிழலாடுகிறது என்று ஒரு வரி. ‘ரயில்’ என்று பொதுவாகச் சொல்லவில்லை, தங்கள் ஊர்ப்பக்கம் ஓடும் ரயிலின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். கனகாவா மாகாணத்து எபினா நிலையத்தில் இன்று ரயில் வரும்போது அந்த மெட்டைத்தான் ஒலிக்கிறார்கள். என் அலுவலகத் தோழி அந்த வழியில் வளர்ந்தவள். கல்லூரிக்குப் போன முதல் வாரம் அந்த ஜன்னலில் தலை சாய்த்துக்கொண்டு இந்த வரியைக் கேட்டதைச் சொல்லும்போது கையால் கண்ணாடியைத் தொடுவது போலக் காட்டினாள்.

மோரியாமாவின் பாட்டின் பெயரிலேயே அடைப்புக்குள் ‘தனிக்குரல்’ என்று இருக்கும். ஒரு பியானோ, ஒரு குரல், வேறு எதுவும் கிடையாது. 2003 மார்ச் 5 அன்று வந்து முதலில் தரவரிசையில் 80ஆம் இடத்தில் இருந்தது. ஒன்பதாவது வாரம் முதலிடத்துக்குப் போனது. பூவெல்லாம் கொட்டி முடிந்த மே மாதத்தில்! விளம்பரத்தால் ஓடிய பாட்டு அப்படி ஏறாது. கொபுகுரோவின் ‘சகுரா’ இன்னும் பழையது. 1998இல் ஒசாகா பக்கம் சகாய் நகரத் தெருவில் பாடித் திரிந்த காலத்தில் இந்த இருவர் குழு சேர்ந்து செய்த முதல் பாட்டு. 2005இல்தான் தனி வெளியீடாக வந்தது, அதுவும் நவம்பரில்.

கெட்சுமெய்ஷி விஷயத்தில் உங்களோடு வாதாட வரவில்லை, எனக்கும் அது அவ்வளவாக ஒட்டவில்லை.


பனிமூட்டம்
மார்ச் 11, மாலை 6:05

நான் சப்போரோவில் ஆராய்ச்சி மாணவன். அக்கா சொன்ன பூ வாரமெல்லாம் டோக்கியோ கணக்கு. இங்கே மார்ச்சில் பிள்ளைகள் பள்ளி முடித்து வெளியே வரும்போது முழங்கால் உயரத்துக்குப் பனி குவிந்திருக்கும். பூக்க ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் ஆகும். தெற்கே ஒகினாவாவில் ஜனவரியிலேயே வேறொரு வகைச் செர்ரி பூக்கத் தொடங்கிவிடும். ஆகவே ‘சகுரா’ பாட்டு எங்களுக்கு இன்னோர் ஊரிலிருந்து வரும் கடிதம் மாதிரி.

எனக்குப் பிடித்த இரண்டு பாட்டில் ஒன்று பனிப் பாட்டு. ‘நகோரி யூகி’. இசே ஷோசோ எழுதி 1974இல் ககுயாஹிமே குழு பாடியது, அடுத்த வருடம் இருகா என்ற பாடகி பாடித்தான் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. ரயிலுக்குக் காத்திருக்கும் பெண்ணின் பக்கத்தில் ஒருவன் நின்றுகொண்டு கடிகாரத்தையே பார்க்கிறான். பருவம் தப்பிப் பனி விழுகிறது. டோக்கியோவில் நான் பார்க்கும் கடைசிப் பனி இதுதான் என்று அவள் சொல்கிறாள். ரயில் போனபின் நடைமேடையில் விழுந்து விழுந்து கரையும் பனியை அவன் பார்த்துக்கொண்டே நிற்கிறான். வசந்தம் வந்து அவள் அழகாகிவிட்டாள் என்பது பல்லவி. போகிறவளுக்கு அது தொடக்கம். நிற்கிறவனுக்கு என்ன என்பதை இசே சொல்லவே இல்லை.

இன்னொன்று சென் மசாவோவின் ‘கிதகுனி நோ ஹரு’, 1977. இது என்கா என்ற பழைய பாணி மெல்லிசை வகை, பாப் இல்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நகரத்தில் வேலை பார்க்கும் மகனுக்குக் கிராமத்திலிருந்து அம்மா ஒரு சின்னப் பொட்டலம் அனுப்புகிறாள். பட்டணத்தில் உனக்குப் பருவம் மாறுவதே தெரியாதே என்று அனுப்புகிறாள். பொட்டலத்தில் என்ன இருந்தது என்று பாட்டு சொல்லாது. எனக்கு வீட்டிலிருந்து வரும் பார்சலைப் பிரிக்கும்போதெல்லாம் முதலில் ஒட்டுத்தாளின் மேல் அம்மா எழுதிய என் பெயரைத்தான் பார்ப்பேன்.

இன்று மார்ச் 11. சென் மசாவோவின் ஊர் இவாத்தே மாகாணத்து ரிகுசென்தகாதா. 2011இல் இதே நாளில் வந்த சுனாமியில் அந்த ஊர் பெரும்பாலும் அழிந்துபோனது. அதற்கு அடுத்த வருடம் ‘ஹனா வா சகு’, ‘பூ மலரும்’ என்ற பாட்டு வந்தது. வரிகள் இவாய் ஷுன்ஜி, இசை கன்னோ யோகோ, இருவரும் மியாகி மாகாணத்தவர்கள். தம்பியின் வரிசையில் வேண்டாம் அக்கா. வந்த நாளில் கேட்க வேண்டிய பாட்டு இல்லை அது. ஒரு வருடம் இங்கே இருந்துவிட்டுக் கேட்கட்டும்.


பழையநாடா
மார்ச் 12, காலை 5:50

பிள்ளைகளா, எல்லோரும் இப்படிக் கண்ணைக் கசக்கினால் எப்படி? நான் கப்பல் கம்பெனி வேலையில் எண்பதுகளில் ஆறு வருடம் கோபேயில் இருந்தவன். தங்கியிருந்த இடத்தின் கீழே ஒரு ரொட்டிக் கடை, அங்கே பிப்ரவரி பிறந்தால் போதும், வானொலியில் கேண்டீஸ் குழுவின் ‘ஹரு இச்சிபான்’ ஓடும். 1976 மார்ச் 1 அன்று வந்த பாட்டு. மூன்று பெண்கள், இழுத்துப் பிடிக்கும் தாளம். பனி உருகி ஓடையாகிப் போகிறது, மண்ணிலிருந்து முளை எட்டிப் பார்க்கிறது, கனமான கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே கிளம்பலாமே என்று கூப்பிடுகிறார்கள். அழுவது கிடையாது, ரயில் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. இதைவிட நல்ல தொடக்கப் பாட்டு எது?

‘ஹரு இச்சிபான்’ என்றால் வசந்தத்தின் முதல் பலத்த தெற்குக் காற்று. பிப்ரவரி தொடக்கத்துக்கும் மார்ச் சமஇரவு நாளுக்கும் நடுவில் வீச வேண்டும். இன்று வானிலை நிலையம் அதையும் செய்தியாக அறிவிக்கிறது. தம்பி வரும் நாளில் அது அடித்து ஓய்ந்திருக்கும்.


கடலோரத்தான்
மார்ச் 12, காலை 9:20

ஐயா, இந்தக் காற்றின் பெயர்க் கதை எனக்குத் தெரியும், எங்கள் குடும்பம் நாகப்பட்டினத்தில் கடல் தொழில் செய்த குடும்பம் என்பதால் படித்தது மறக்கவில்லை. நாகசாகி மாகாணத்தில் இக்கி என்று ஒரு தீவு. 1859இல் அங்கிருந்து மீன் பிடிக்கப் போனவர்களில் 53 பேர் இந்த முதல் தெற்குக் காற்றில் மாட்டி இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு அந்தத் தீவு மீனவர்கள் ‘ஹரு இச்சி’ என்ற பெயரைச் சொல்லியே ஒருவரையொருவர் எச்சரித்தார்கள். அங்கே நினைவுத் தூண் இருக்கிறது.

எங்கள் பக்கமும் கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் உண்டு. அழகுக்கு வைத்த பெயர் இல்லை, எப்போது கடலுக்குப் போகலாம், எப்போது கூடாது என்று தெரிந்துகொள்ள வைத்தது. கரையில் இருப்பவர்கள் கோட்டைக் கழற்றும் காற்றும் படகில் இருப்பவர்கள் பாயை இறக்கும் காற்றும் ஒன்றே. பாட்டைக் குறை சொல்லவில்லை ஐயா, இதைத் தெரிந்துகொண்டு கேட்டபோது எனக்கு அது இன்னும் பிடித்துப் போயிற்று.


இளவேனில்
மார்ச் 12, மதியம் 1:45

பழையநாடா ஐயா, ‘ஹரு இச்சிபான்’ பாட்டில் அழுகையே இல்லை என்று சொன்னீர்கள். கடைசிப் பத்தி வரைக்கும் கேட்டுப் பாருங்களேன். பிரிவு பேசியது போன வருடம்தானே, இன்னும் ஒரு படி வளர்ந்து அதை மறந்துவிடலாமா என்று வரும். அதற்கு முன்னாலேயே அழுதுகொண்டே இருந்தால் சந்தோஷம் வராது என்றும் ஒரு வரி உண்டு. கோட்டைக் கழற்றச் சொல்வதே குளிர்காலம் முழுக்க அழுத ஒருத்தியிடம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் மதுரையில் இருந்துகொண்டு ஜப்பானிய மொழித் தேர்வுக்குப் படிக்கிறேன். எழுத்துப் பயிற்சிக்கு இந்த மாதிரிப் பாட்டுகளை நோட்டில் எழுதிப் பார்ப்பது வழக்கம். முப்பது நாற்பது பாட்டு எழுதியபின் எனக்குப் பட்டது இது: ‘இதோ தொடங்குகிறோம்’ என்று நேராகச் சொல்லும் வசந்தப் பாட்டு மிகக் குறைவு. எல்லாவற்றிலும் ஒருவர் வழியனுப்பிக்கொண்டிருக்கிறார், அல்லது வழியனுப்பப்படுகிறார். தொடக்கத்தைப் பாட்டுக்கு வெளியே, பாட்டு முடிந்தபின் வரும் நாளில் விட்டுவிடுகிறார்கள்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது ‘ஹரு நானோனி’, 1983 ஜனவரி. ‘வசந்தமாக இருந்தும்’ என்று பொருள். நகாஜிமா மியூகி எழுதி காஷிவாபரா யோஷியே பாடியது. பள்ளி முடியும் நாளில் பையனின் கறுப்புச் சீருடைச் சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பெண் கேட்டு வாங்குவது அங்கே வழக்கம். நெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கும் பொத்தான் என்பார்கள். இந்தப் பாட்டில் அவள் நினைவாக ஒரு பொத்தான் தா என்று கேட்கிறாள். வாங்கி, நீல வானத்தை நோக்கி எறிந்துவிடுவேன் என்கிறாள். பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவாள் என்று நினைத்துக்கொண்டே எழுதி வந்தேன். ‘எறிகிறேன்’ என்ற வினைச்சொல் வந்ததும் அகராதியை எடுத்து, சரியாகத்தான் படித்தேனா என்று பார்த்தேன்.


பழையநாடா
மார்ச் 13, காலை 6:10

மகளே, நீ சொன்னது சரி. நேற்று இரவு மறுபடியும் கேட்டேன். நாற்பது வருடமாகக் கேட்கும் பாட்டு, கடைசிப் பத்தி வருவதற்குள் நான் ரொட்டியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டிருக்கிறேன்.

பொத்தான் என்றதும் ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. மட்சுமோட்டோ தகாஷி. ஹாப்பி எண்ட் என்ற ராக் குழுவில் டிரம் வாசித்தவர், பாட்டும் எழுதியவர். ஜப்பானிய மொழியில் ராக் பாட முடியுமா, ஆங்கிலத்தில்தான் பாட வேண்டுமா என்று பத்திரிகைகளில் சண்டையே நடந்த காலம் அது. 1970இல் அவர்கள் முதல் இசைத்தட்டு வந்தது, அதில் முதல் பாட்டு ‘ஹரு யோ கோய்’, ‘வசந்தமே வா’. இசை ஓதாகி எய்ச்சி, குரலும் அவரே. கனத்த கிடார். ஆனால் கதை என்ன தெரியுமா? புத்தாண்டு என்றால் வீட்டில் எல்லோரும் கணப்பு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அரிசிப்பிட்டு போட்ட சூப் குடித்துக்கொண்டு சீட்டு விளையாடுவோம் என்று தொடங்குகிறது. இப்போது அவன் வீட்டை விட்டு வந்து தனியறையில் இருக்கிறான். எல்லாவற்றையும் பணயம் வைத்து வந்தாயிற்று, வசந்தம் வரும் வரை பார்க்கலாம் என்கிறான். பூவும் இல்லை, பெண்ணும் இல்லை. ஊரை விட்டு வந்தவனுக்கு இதைவிட நெருக்கமான ராக் பாட்டு நான் கேட்டதில்லை. கோபேயில் என் முதல் ஜனவரியில் ஒரு சக ஊழியர் இதை நாடாவில் பதிந்து தந்தார். அந்த நாடா இன்னும் என்னிடம் இருக்கிறது.

பன்னிரண்டு வருடம் கழித்து, 1982 ஜனவரியில், அதே கை பாடகி மட்சுதா செய்கோவுக்கு ‘அகாய் ஸ்வீட் பீ’ எழுதியது. இசை மட்சுதோயா யூமி, புனைபெயரில். வசந்த நிறத்து ரயிலில் ஏறிக் கடலுக்குப் போகும் ஜோடி. பழகி ஆறு மாதமாகியும் அந்தப் பையன் கையைக்கூடப் பிடிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

மூன்றாவது, 1985 பிப்ரவரி, சைத்தோ யூகியின் முதல் பாட்டு ‘சொட்சுக்யோ’, பள்ளி விடைபெறல். இசை ட்சுட்சுமி க்யோஹெய். சின்ன வகுப்புப் பெண்கள் அவன் சட்டைப் பொத்தானைக் கேட்டுச் சூழ்ந்துகொள்கிறார்கள், அவன் தலையைச் சொறிந்துகொண்டு ஓடுகிறான், உள்ளுக்குள் உனக்குச் சந்தோஷம்தானே என்கிறாள் இவள். அழாவிட்டால் கல்நெஞ்சுக்காரி என்பார்கள், ஆனால் இதைவிடத் துயரமான நேரத்துக்காகக் கண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லும் இடம் ஒன்று வரும். அவன் டோக்கியோ போய் மாறிப்போவான், அதைக் கட்டிப்போட முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

அந்த 1985 தொடக்கத்தில் மட்டும் இதே தலைப்பில் நான்கு பாட்டு வந்தன. ஒசாகி யுதாகாவின் ‘சொட்சுக்யோ’ இதற்கு நேர் எதிர்: இரவில் பள்ளிக்கூட ஜன்னல்களை உடைத்துத் திரிந்ததைப் பாடுகிறது. இன்னும் எத்தனை முறை தன்னிடமிருந்தே விடைபெற்றால் உண்மையான தன்னை அடையலாம் என்று கேட்கிறது. கல்லூரிப் பையன்கள் தொண்டை கிழியப் பாடுவார்கள்.

மட்சுமோட்டோவின் மூன்று பாட்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். முதலாவதில் வந்து சேர்ந்தவன் பேசுகிறான். மூன்றாவதில் அப்படி ஒருவனை அனுப்பிவைத்த பெண் பேசுகிறாள். அவளுக்கும் சேர்த்து எழுத மட்சுமோட்டோவுக்குப் பதினைந்து வருடம் ஆகியிருக்கிறது.


கிடார்மணி
மார்ச் 13, காலை 10:02

ஐயா, இதை ஒரு தனிப் பதிவாகவே எழுதுங்கள். அந்த நாடாவின் படமும் போடுங்கள்.


வடபழனி வாக்மேன்
மார்ச் 13, இரவு 11:30

மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மோரியாமாவின் தனிக்குரல் விஷயத்தில் என் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். 80இலிருந்து 1 என்பது மனிதர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி ஏறிய ஏற்றம். மற்றவற்றில் என் எண்ணம் பாதிதான் மாறியிருக்கிறது.

நான் விரும்பும் ‘சகுரா’ பாட்டு எது என்று சொல்கிறேன். ஃபுஜிஃபேப்ரிக் என்ற ராக் குழுவின் ‘சகுரா நோ கிசெட்சு’, ‘செர்ரிப் பருவம்’, 2004 ஏப்ரல். எழுதிப் பாடியவர் ஷிமுரா மசாஹிகோ, யமனாஷியில் ஃபுஜியோஷிதா ஊர்க்காரர். அந்த வருடம் தொடங்கி அவர்கள் நான்கு பருவத்துக்கும் ஒவ்வொரு பாட்டு வெளியிட்டார்கள், இது வசந்தத்துக்கானது. செர்ரிப் பருவம் போனால் நீ தூரத்து ஊருக்குப் போய்விடுவாயா என்று கேட்கிறான். சரிவின் கீழே கை காட்டுகிறான், கார் மறைந்து போகிறது. சரி, அன்போடு ஒரு கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்து, நடக்காத கதையெல்லாம் அதில் சேர்த்து எழுதி, தானே திரும்பப் படித்துத் தானே நெகிழ்ந்துபோகிறான். தன் கடிதத்துக்கே இப்படி நெகிழும் பையனைப் பாட்டில் காட்டியதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. இன்னொன்று, செர்ரி இதழைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ‘உதிர்ந்தது’ என்பார்கள். ஷிமுரா ‘காய்ந்துபோன பிறகு’ என்று எழுதியிருக்கிறார். உதிர்தலின் அழகு தீர்ந்த பிறகும் அவன் அங்கேயே இருக்கிறான். 2009 டிசம்பரில் ஷிமுரா இறந்தார், 29 வயது.

அடுத்தது ஹிதே. எக்ஸ் ஜப்பான் ராக் குழுவின் கிடார் கலைஞர், இளஞ்சிவப்பு முடி. ‘ஹர்ரி கோ ரவுண்ட்’ என்ற பாட்டில் சத்தமே போடமாட்டார். உதிர்ந்தது மறுபடி சுற்றி வரும், இன்னொரு வசந்தத்தில் சந்திக்கலாம் என்று முடிப்பார். 1998 மே 2 அன்று அவர் போய்விட்டார், பாட்டு அக்டோபரில் வெளிவந்தது. பள்ளி நாட்களில் இதை என் வாக்மேனில் எத்தனை முறை சுற்றினேன் என்று கணக்கில்லை. வரிசையில் வைக்க வேண்டுமா என்பதை அக்காவே முடிவு செய்யட்டும்.


இளவேனில்
மார்ச் 14, மாலை 4:20

இப்போது வந்த பாட்டுகளில் இரண்டு. ஐம்யோன் பாடிய ‘ஹரு நோ ஹி’, 2019 ஏப்ரல். ஷின்சான் படத்துக்காக எழுதியது, நம் வீட்டுப் பிள்ளைகள் பார்க்கும் அதே ஷின்சான்தான். பையனின் அப்பா, கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவிடம் மனதைச் சொல்லும் தருணத்திலிருந்து பாட்டு. தொடக்கமே கிதசென்ஜு நிலையத்தின் நடைமேடையும் வெள்ளி நிற டிக்கெட் வாயிலும். ‘நகோரி யூகி’ நடைமேடையில் ஒருவர் போகிறார், ஒருவர் நிற்கிறார். இந்த நடைமேடையிலிருந்து இருவரும் சேர்ந்து வீட்டுக்குப் போகிறார்கள். நான் முன்பு சொன்னதற்கு இது ஒரு நல்ல விதிவிலக்கு.

இன்னொன்று யோருஷிகா என்ற இருவர் குழுவின் ‘ஹரு தொரோபோ’, ‘வசந்தத் திருடன்’, 2021. இதழ்களைக் கொண்டுபோகும் காற்றைத் திருடன் என்கிறார் பாட்டை எழுதிய ந-பூனா. பூ என்பது நமக்கு மீதியிருக்கும் நாட்கள். பாடகி சூயிஸ் குரலில் கடைசி இதழ் வரை எண்ணிக்கொண்டே போகிற மாதிரி இருக்கும். தாளத்தைக் கவனித்தால் கால் நடை போடும், மனசு நடக்காது.


கசாய்க்காரி
மார்ச் 16, இரவு 9:50

வரிசையை இன்று போட்டு முடித்தேன். இருபது பாட்டு வந்தது, ஒன்றரை மணி நேரத்துக்குச் சரியாக இருக்கிறது. ஹிதே பாட்டை வைத்திருக்கிறேன். ஒசாகி இல்லை, வேலையில் சேரும் வாரத்தில் அவனுக்கு அது வேண்டாம். மட்சுமோட்டோவின் மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன.

வரிசையில் சேராத ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராக்கும் இல்லை, பாப்பும் இல்லை. பள்ளிச் சேர்ந்திசை. ‘தபிதாச்சி நோ ஹி நி’, ‘பயணம் கிளம்பும் நாளில்’. 1991இல் சைதாமா மாகாணத்து சிச்சிபு மலைப்பக்கம் ககெமோரி நடுநிலைப் பள்ளியில் பிறந்தது. இசை ஆசிரியை கேட்டதற்காகத் தலைமையாசிரியர் கொஜிமா நொபோரு வரிகளை எழுதிக் கொடுத்தார், சகாமொட்டோ ஹிரோமி டீச்சர் மெட்டுப் போட்டார். வெளியேறும் பிள்ளைகளுக்குத் தெரியாமல் ஆசிரியர்கள் ஒத்திகை பார்த்து, வழியனுப்பு விழாவில் மேடையேறிப் பாடிக் காட்டினார்கள். ஒரே ஒரு முறை பாடுவதற்கென்று செய்த பாட்டு. அந்த வருடத்தோடு தலைமையாசிரியரும் ஓய்வு பெற்றார். இன்று நாடு முழுக்கப் பாடுகிறார்கள்.

கல்யாணத்துக்கு எழுதிய ‘மார்ச் 9’ பள்ளிக்கு வந்தது. ‘ஒகுரு கொதொபா’ என்று 1979இல் கைஎன்தாய் பாடிய பாட்டு ஒன்று உண்டு, டகேதா டெட்சுயா தன் காதல் முறிந்ததை வைத்து எழுதியது, அதையும் பிள்ளைகள் பள்ளி முடியும் நாளில் பாடுகிறார்கள். ஒரு பள்ளிக்கு என்று செய்தது எல்லாப் பள்ளிக்கும் போனது. எழுதியவர்கள் ஒன்றுக்கு எழுத, கிளம்புகிறவர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறார்கள்.


பனிமூட்டம்
மார்ச் 16, இரவு 10:15

அக்கா, தம்பி வந்ததும் எது பிடித்தது என்று கட்டாயம் எழுதுங்கள்.


கசாய்க்காரி
மார்ச் 30, இரவு 10:05

வந்துவிட்டான். ரயிலில் வரிசையைப் போட்டுக் கொடுத்தேன். நான்காவது பாட்டிலேயே தூங்கிப் போனான், இரவு விமானம் அல்லவா. நான் எழுப்பவில்லை. காதுக்கருவியில் ஒன்றை எடுத்து நான் மாட்டிக்கொண்டு மீதியைக் கேட்டுக்கொண்டே வந்தேன். ‘ஹரு யோ கோய்’ வரும்போது வெளியே வீடுகளின் மாடியில் மெத்தை காயப்போட்டிருந்தார்கள்.

இன்று அவனுக்குப் பழைய சைக்கிள் ஒன்று வாங்கினோம். ஓட்டிப் பார்க்கட்டும் என்று அரகாவா ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனேன். கரைமேட்டில் மரங்கள் முக்கால்வாசி பூத்திருந்தன. பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு சைக்கிள் தொடவே இல்லை என்றான், முதல் நூறு அடி ஆடி ஆடிப் போனான். அப்புறம் பிடிபட்டுவிட்டது, வேகம் எடுத்துப் போய்க்கொண்டே இருந்தான். நான் என் சைக்கிளில் பின்னாலேயே மிதித்தேன், எட்டவில்லை. தூரத்தில் பாலத்துக்குக் கீழே நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டு திரும்பிப் பார்த்துக் கத்தினான்: “அக்கா, அந்த வரிசையில் சைக்கிள் பாட்டு ஒன்று வந்ததே, அது யாரோடது?”

கிடார்மணி, அவனுக்கு உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன். நாளை மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். கறுப்புக் கோட்டை இஸ்திரி போட்டு மாட்டியாயிற்று.